ஒளித் துப்பாக்கி: பிக்சர் டியூப் முதல் யூஎஸ்பி வரை

ஒளித் துப்பாக்கி என்பது தொலைக்காட்சி அல்லது கணினித் திரையில் தோன்றும் இலக்கைக் குறிவைத்து விளையாட உதவும் உள்ளீட்டுக் கருவி. துப்பாக்கி என்ற பெயர் இருந்தாலும் விசையை அழுத்தும்போது இதிலிருந்து எதுவும் வெளியே பாய்வதில்லை. குழலின் முனையில் உள்ள உணரி, திரையிலிருந்து வரும் ஒளியை உள்வாங்குகிறது. திருவிழாவில் பலூன் சுடும் காற்றுத் துப்பாக்கிக்கு இது நேர்மாறானது. ஆகவே திரையின் தொழில்நுட்பம் மாறியபோது துப்பாக்கியும் மாற வேண்டியிருந்தது. இன்று வீட்டுக் கணினியில் யூஎஸ்பி ஒளித் துப்பாக்கியை இணைப்பவர்கள் சந்திக்கும் சிக்கல்கள் பலவற்றுக்கு இந்த மாற்றமே வேர்.

தொடக்கம்

1936-ல் அமெரிக்காவின் சீபர்க் நிறுவனம் வெளியிட்ட ‘ரே-ஓ-லைட்’ கேளிக்கை இயந்திரத்தில் துப்பாக்கி ஒளியை வீசியது. வாத்து வடிவ இலக்கில் உணரி இருந்தது. 1950-களில் அமெரிக்க வான் பாதுகாப்புக்கான ‘சேஜ்’ கணினி அமைப்பில் இந்த ஏற்பாடு தலைகீழானது. ராடார் திரையில் தெரியும் புள்ளியைத் தேர்ந்தெடுக்க, உணரி பொருத்திய ஒளித் துப்பாக்கியைத் திரைமுன் பிடித்தனர். 1972-ல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிசி வீட்டு விளையாட்டுக் கருவிக்கும் இத்தகைய துப்பாக்கி இருந்தது. ஆனால் எரியும் பல்பை நோக்கிச் சுட்டாலும் இலக்கைச் சுட்டதாக அது எடுத்துக்கொண்டது.

நின்டெண்டோவின் தீர்வு

1984-ல் நின்டெண்டோ வெளியிட்ட ‘டக் ஹன்ட்’ இந்தக் குறையைக் களைந்தது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். முதலில் இருளும் பிறகு ஒளியும் தெரிந்தால்தான் வாத்து விழும். இரண்டு வாத்துகள் இருந்தால் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும்.

பிக்சர் டியூபில் எலக்ட்ரான் கற்றை கோடு கோடாகப் படத்தை வரைகிறது. இந்தியாவின் பால் ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், வினாடிக்கு 25 படங்கள்; அதாவது வினாடிக்கு 15,625 கோடுகள். இந்த வேகத்தை ஒட்டித் துடிக்கும் ஒளியை மட்டுமே துப்பாக்கியின் மின்சுற்று ஏற்றது. பல்பைக் காட்டி இதை ஏமாற்ற முடியாது.

தமிழ்நாட்டில்

1990-களில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்த ‘டிவி கேம்’ பெட்டிகள் பெரும்பாலும் நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். பல பெட்டிகளுடன் துப்பாக்கியும் சேர்ந்தே கிடைத்தது.

திரை மாறிய காலத்தை இரண்டு அரசுத் திட்டங்கள் எடுத்துக்காட்டுகின்றன. 2006 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் வழங்கப்பட்டவை 14 அங்குல பிக்சர் டியூப் பெட்டிகள். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. மடிக்கணினியில் இருந்தது எல்சிடி திரை. பழைய விளையாட்டை எமுலேட்டர் மென்பொருள் வழியே அதில் ஓட்டலாம். ஆனால் பழைய துப்பாக்கி அங்கே குருடு. எல்சிடியில் ஓடி வரையும் கற்றை இல்லை. படமும் சற்றுத் தாமதமாகத் தோன்றுகிறது.

யூஎஸ்பி துப்பாக்கிகள்

2001-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு நாம்கோ வெளியிட்ட ‘கன்கான் 2’ யூஎஸ்பி இணைப்பு கொண்டது. ஆனாலும் வீடியோ கம்பியிலிருந்து கற்றையின் நேரக் குறிப்பைப் பெற்றே குறியைக் கணித்ததால், அதற்கும் பிக்சர் டியூப் தேவைப்பட்டது. 2007-ன் ‘கன்கான் 3’ திரையருகே வைக்கும் அகச்சிவப்பு விளக்குகளைப் பார்த்துக் குறியைக் கணித்தது. பிரிட்டனின் அல்டிமார்க் நிறுவனத்தின் ‘எய்ம்டிராக்’ இதே வழியில் கணினிக்காக உருவானது. 2019-ல் கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டிய ‘சிண்டன்’ துப்பாக்கியில் கேமரா உள்ளது. திரையைச் சுற்றி மென்பொருள் வரையும் வெள்ளைச் சட்டத்தை அது தேடுகிறது.

பழுது அறிதல்

துப்பாக்கி வேலை செய்யாவிட்டால், அது எதைப் பார்த்து இயங்கும் வகை என்று முதலில் அறிய வேண்டும்.

கற்றை வகை: கணினி இதை அடையாளம் கண்டு, விசையும் வேலை செய்து, குறி மட்டும் கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் பழுது துப்பாக்கியில் இல்லை, திரை எல்சிடியாக இருப்பதே காரணம்.

அகச்சிவப்பு வகை: வெயில், குண்டு பல்பு, விளக்குச் சுடர் ஆகியவையும் அகச்சிவப்பை வெளியிடுவதால் குறி தாவும். சன்னலை மூடி, பூசை விளக்கு பார்வையில் படாதபடி அமர்ந்து சோதிக்கலாம். விளக்குப் பட்டை எரிகிறதா என்பதைப் பல கைப்பேசிக் கேமராக்களில் மங்கிய ஊதா ஒளியாகக் காணலாம்.

கேமரா வகை: சட்டத்தின் நான்கு ஓரமும் தெரிய வேண்டும். திரையில் விழும் சன்னல் பிரதிபலிப்பு அதைக் குழப்பும். யூஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேரடியாகக் கணினியில் செருகுவது நல்லது.

குறி எப்போதும் ஒரே பக்கம் விலகினால் மறு அளவீடு போதும். பழைய விளையாட்டுகள் 4:3 அளவிலானவை. 16:9 திரையில் அவற்றின் இருபுறமும் கறுப்புப் பட்டை விழுவதால் ஓரங்களில் பிழை கூடும். இரண்டு துப்பாக்கிகளை இணைக்கும்போது விண்டோஸ் இரண்டையும் ஒரே சுட்டியாக நகர்த்தும். 1997-ல் தொடங்கிய ‘மேம்’ எமுலேட்டரில் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அமைக்கலாம்.

முக்கியத்துவம்

விளையாட்டின் நிரலைக் கோப்பாகச் சேமிப்பது எளிது. ஆனால் டக் ஹன்ட் போன்றவற்றில் திரையும் விளையாட்டின் ஒரு பாகம். பிக்சர் டியூப் பெட்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போகும்போது அந்தப் பாகமும் உடன் போகிறது. யூஎஸ்பி துப்பாக்கிகள் அதன் வேலையை வேறு வழியில் செய்கின்றன. மூல அனுபவத்தைக் காக்க விரும்புவோர் துப்பாக்கியுடன், ஓடும் நிலையிலுள்ள ஒரு பழைய டிவியையும் காக்க வேண்டும்.