'நான் சொன்னபடி செய்': லினக்ஸில் ஒரு சாஃப்ட்வேர் போட்ட கதை

லினக்ஸுக்குப் புதுசா வந்தவங்க பலருக்கும் இது நடந்திருக்கும். ஒரு சாஃப்ட்வேர் போடப் போனா, "முதல்ல இன்னொன்னு வேணும்"னு எரர் வரும். அதைத் தேடிப் போட்டா, அது வேறொன்றைக் கேட்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு, "நமக்குத்தான் மண்டையில ஏறலை"ன்னு லேப்டாப்பை மூடிடுவோம். ஆனால் அந்த எரருக்கு 30 வருஷ வரலாறு இருக்கு.

1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது வெறும் கெர்னல்தான். மற்றதையெல்லாம் சேர்த்து, போட்டவுடன் ஓடும் தொகுப்பாகக் கொடுக்க வேறு சிலர் வந்தார்கள். 1993-ல் பேட்ரிக் வோல்கெர்டிங்கின் ஸ்லாக்வேர் வந்தது. அதில் பேக்கேஜ் என்பது சுருக்கி வைத்த ஒரு ஃபைல், பிரித்துப் போடலாம். அது ஓட இன்னும் என்னென்ன வேணும்? அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கணும்.

ஏன் இன்னொன்னு வேணும்? பல குடித்தனம் இருக்கும் ஒரு காம்பவுண்டை நினைச்சுக்கோங்க. வீட்டுக்கு ஒரு மோட்டார் கிடையாது, எல்லாருக்கும் பொதுவா ஒன்றுதான். லினக்ஸில் லைப்ரரிகள் அப்படித்தான். ஒரே லைப்ரரியைப் பல புரோகிராம்கள் பகிர்ந்துக்கும். இடம் மிச்சம். ஒரு ஓட்டையை ஓர் இடத்தில் அடைச்சா எல்லாருக்கும் சரியாகிடும். ஆனால் மோட்டார் இல்லைன்னா யார் வீட்லயும் தண்ணி வராது.

அதே 1993-ல் ஐயன் மர்டாக் என்ற கல்லூரி மாணவர் டெபியனைத் தொடங்கினார். டெபியனின் டிபிகேஜி, 1995-ல் ரெட் ஹேட்டின் ஆர்பிஎம் என்று பேக்கேஜ் கருவிகள் வந்தன. பேக்கேஜுக்குள்ளேயே "எனக்கு இதெல்லாம் வேணும்"னு ஒரு பட்டியல் இருக்கும். எது இல்லைன்னு மெஷினே சொல்லிடும். ஆனால் போய் எடுத்துட்டு வராது! டயல்-அப் இன்டர்நெட்டில் தேடி இறக்கினா, வெர்ஷன் தப்பா இருக்கும். இதுக்குத்தான் 'டிபென்டன்சி ஹெல்'னு பேர் வந்தது.

1999-ல் டெபியன் 2.1 உடன் ஏபிடி வந்தது. பேரை மட்டும் சொன்னா போதும். தேவையானதையெல்லாம் அதுவே கணக்குப் போட்டு, இறக்கி, வரிசையா நிறுவிடும். ஆர்பிஎம் பக்கம், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் யம் உருவானது.

அப்போ பிரச்சினை தீர்ந்துடுச்சா? 2021 நவம்பருக்கு வாங்க. லினஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனலின் லினஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ்-ல் கேம்ஸுக்காக ஸ்டீம் போடப் போனார். அந்த நேரத்தில் பேக்கேஜில் ஒரு கோளாறு. ஸ்டீம் வேணும்னா டெஸ்க்டாப்பையே நீக்கணும்னு ஏபிடி கணக்குப் போட்டது. எச்சரிக்கையும் கொடுத்து, தொடரணும்னா 'எஸ், டூ ஆஸ் ஐ சே!'ன்னு டைப் பண்ணச் சொன்னது. அவர் பண்ணினார். டெஸ்க்டாப் காலி.

"படிச்சுப் பார்த்திருக்கலாமே"ன்னு பலர் சிரிச்சாங்க. ஆனா புதுசா வந்தவருக்கு டெர்மினலில் ஓடும் எல்லா வரியும் எச்சரிக்கை மாதிரிதானே தெரியும்? எதைப் பார்த்துப் பயப்படணும்னு அவருக்கு எப்படித் தெரியும்? ஏபிடியை எழுதுபவர்கள் சீக்கிரமே அதை மாற்றினார்கள். ஒன்றை நிறுவுவதற்காக அத்தியாவசியப் பேக்கேஜை நீக்கும் வழியை அது இனி தானாகத் தேடாது. அந்த வாக்கியத்தை டைப் பண்ணித் தாண்டும் வழியும் போயிடுச்சு.

முதலில் எல்லாம் உங்களுக்கே தெரியணும்னு இருந்தது. அப்புறம் மெஷின் குறையைச் சொன்னது. அப்புறம் அதுவே எடுத்துட்டு வந்தது. கடைசியில், நீங்க சரின்னு சொன்னாலும் வீட்டை இடிக்க மாட்டேன்னு நின்றது. யாரோ மாட்டிக்கிட்டு, அதை வெளியில் சொன்னதால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கு. அடுத்த முறை எரர் வந்தா லேப்டாப்பை மூடாதீங்க. அந்த வரியை அப்படியே காப்பி பண்ணி, தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.