குளிரில் வளரும் கிருமி: லிஸ்ரீரியாவும் பொதுமக்கள் உணவுப் பாதுகாப்பும்

உணவு கெடாமற் காப்பதற்கு மனிதன் கண்ட வழிகள் பல. உப்பிடல், உலர்த்தல், புகையூட்டல் என்பன தொன்மையானவை. இயந்திரக் குளிரூட்டல் அண்மைக் காலத்தது. குளிரில் நோய்க்கிருமிகள் அடங்கிவிடும் என்ற நம்பிக்கையின் மீதே, சமைத்துப் பொதிசெய்த உணவுகளை விற்கும் பெருந்தொழில் எழுந்தது. இந்நம்பிக்கையைப் பொய்ப்பிக்கும் பற்றீரியா ஒன்று உண்டு. அதன் வரலாறு ஒரு நுண்ணுயிரின் வரலாறு மட்டுமன்று. விஞ்ஞான அறிவு அரசின் கடமையாக மாறுவதற்கு எத்துணைக் காலம் செல்கின்றது என்பதன் வரலாறுமாகும்.

1926 இல் கேம்பிறிட்ஜில் மரே, வெப், ஸ்வான் ஆகியோர் ஆய்வுகூட முயல்களிடையே தோன்றிய நோயொன்றை ஆராய்ந்து இப்பற்றீரியாவை விபரித்தனர். மறு ஆண்டில் தென்னாபிரிக்காவில் பைரி என்பவர் காட்டெலி வகையொன்றில் இதனைக் கண்டு, அறுவைச் சிகிச்சையிற் கிருமிநீக்கத்தைப் புகுத்திய யோசேப் லிஸ்ரரின் பெயரை இதற்குச் சூட்டினார். 1940 இல் லிஸ்ரீரியா என்னும் இன்றைய பெயர் அமைந்தது. எனினும், நெடுங்காலம் இது பெரிதும் கால்நடை வைத்தியர்களின் அக்கறைக்குரியதாகவே இருந்தது.

மனிதரை இது உணவு வழியாகவே அடைகின்றது என்பதைத் தெளிவுற நிறுவியது 1981 இற் கனடாவின் கீழ்க்கரை மாகாணங்களில் நிகழ்ந்த தொற்றாகும். நோயுற்ற 41 பேரில் 34 பேர் தாய்-சேய் நிலையினர். கோவாவைச் சீவிச் செய்த சலாதே காரணமெனக் காணப்பட்டது. அக்கோவா, செம்மறியாட்டு எருவிட்ட தோட்டமொன்றில் விளைந்தது. அம்மந்தையின் ஆடுகள் சில முன்னரே இந்நோயால் இறந்திருந்தன. அறுவடையின் பின் குளிர்காலம் முழுதும் கோவா குளிர்க்களஞ்சியத்தில் இருந்தது. காக்கவென வைத்த குளிரே கிருமியை வளர்த்தது.

இக்கிருமியின் இயல்பு கவனத்திற்குரியது. 4 பாகை செல்சியசிலும் அது மெதுவாகப் பெருகும், உப்பையும் தாங்கும், நன்கு சூடாக்கினால் அழியும். ஆதலால், மீளச் சூடாக்காது உண்ணப்படும் ஆயத்த உணவே அதற்கு உகந்த ஊர்தி. உண்டதற்கும் நோய் தோன்றுவதற்கும் இடையே 70 நாட்கள் வரை செல்லலாமாதலின், காரணத்தைக் கண்டறிதல் கடினம். சுகதேகிகள் பெரும்பாலும் தப்புவர். கர்ப்பிணிகள், சிசுக்கள், முதியோர், நோயெதிர்ப்புக் குன்றியோர் ஆகியோரே பலியாவர்.

1985 இற் கலிபோர்னியாவில் மெக்சிக்கப் பாணிப் பாற்கட்டியால் 142 பேர் நோயுற்று, 48 பேர் மாண்டனர்; அவர்களுள் 30 பேர் கருவிலிருந்தோரும் பிறந்த சிசுக்களுமாவர். பாச்சராக்கம் செய்யாத பால் கலந்தமையே காரணமெனக் கருதப்பட்டது. நோயுற்ற தாய்மாருட் பெரும்பாலோர் ஸ்பானிய மொழி பேசும் குடிவரவாளர் சமூகத்தினர்.

இவ்வளவும் அறியப்பட்ட பின்னரே, வரலாற்றில் பதிவான மிகப் பெரிய லிஸ்ரீரியாத் தொற்று, கிருமி பெயர்பெற்ற தென்னாபிரிக்காவில் 2017, 2018 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. 1,060 பேர் நோயுற்றனர். 200 க்கு மேற்பட்டோர் இறந்தனர். நோயாளருள் ஐந்தில் இரு பங்கினர் பிறந்து 28 நாட்கள் நிரம்பாத சிசுக்கள். 2017 டிசெம்பர் வரை இந்நோய் சட்டப்படி அறிவிக்கப்படவேண்டிய நோயாக அங்கு இருக்கவில்லை. 2018 சனவரியிற் சொவெற்றோவின் சிறார் பராமரிப்பு நிலையமொன்றிற் பிள்ளைகள் சிலர் நோயுற, அங்கிருந்த பொலோனி என்னும் மலிவான பதனிட்ட இறைச்சி பரிசோதிக்கப்பட்டது. அத்தடம் பொலொக்வானே நகரத் தொழிற்சாலை ஒன்றிற்கு இட்டுச் சென்றது. கிருமிகளின் பிறப்புரிமைப் பொருளை ஒப்பிட்டு உறவு உறுதிசெய்யப்பட, 2018 மார்ச் 4 ஆம் திகதி சுகாதார அமைச்சர் மூலத்தை அறிவித்தார்.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து பெறப்படுவது யாது? தென்னாபிரிக்காவிற் குறைவாயிருந்தது கிருமி பற்றிய அறிவன்று. நோயாளரை எண்ணும் ஏற்பாடே. எண்ணப்படாத நோய் அரசின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மலிவான உணவையே நம்பி வாழ்வோரின் நோய் எண்ணப்படாது போதல் எளிது. சமையல் வீட்டைவிட்டுத் தொழிற்சாலைக்குச் சென்றபோது, சமைப்பவரின் பொறுப்பும் உடன்சென்றது. அப்பொறுப்பை நுகர்வோர் தம் கண்ணாலோ நாவாலோ சோதிக்க இயலாது. நோயறிவித்தற் சட்டமும், ஆய்வுகூடமும், அஞ்சாத பரிசோதகருமே அவர்தம் கண்ணும் நாவும் ஆவர்.