சட்டகத்துக்குள் ஒரு பக்கம்



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கென நான் பாடப் பக்கம் அமைக்கும்போது, பிறர் ஏற்றிய காணொலியையோ நிலப்படத்தையோ அதற்குள்ளேயே காட்டுவதுண்டு. அதற்கு ஒரு சிறு நிரல் துண்டை ஒட்டினால் போதும். அத்துண்டின் பின்னே கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

திரையைச் சட்டகங்களாகப் பிரிக்கும் வழக்கத்தை 1996-இல் வெளிவந்த நெட்ஸ்கேப் 2.0 பரப்பியது. இடப்புறம் பொருளடக்கம், வலப்புறம் பாடம். அதே ஆண்டில் மைக்ரோசாப்டின் எக்ஸ்புளோரர் 3.0, பக்கத்தின் நடுவே பதியும் ஐஃபிரேமைக் கொணர்ந்தது.

இதில் தமிழுக்கும் ஒரு பங்குண்டு. சட்டகத்துள் இருப்பது தனி ஆவணம். அதற்குத் தன் எழுத்துருவும் தன் குறியேற்றமும் உண்டு. அந்நாளில் நமக்கு இது பெரிய செய்தி. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் ஒருபுறம். மடற்குழுக்களில் வழங்கிய டிஸ்கி மறுபுறம். 1999 சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் வேறொருபுறம். 2001-இல் கோலாலம்பூரில் தமிழிணைய மாநாடு கூடியபோதும் பிணக்கு தீர்ந்தபாடில்லை. ஒருங்குறி வேரூன்றும்வரை, இரு வேறு குறியேற்றப் பக்கங்களை ஒரே திரையில் காட்டச் சட்டகம் இடங்கொடுத்தது.

இனி இலக்கணம். 1997 டிசம்பரில் வந்த எச்.டி.எம்.எல். 4.0, கண்டிப்பான வகை, இடைக்கால வகை, சட்டக வகை என மூன்று பிரிவுகளை வகுத்தது. ஐஃபிரேமுக்கு இடைக்கால வகையில் இடமுண்டு. கண்டிப்பான வகையில் இல்லை. அங்கே ஆப்ஜெக்ட் குறிதான் முறையானது. எம்பெட் குறியோ எந்த வகையிலும் சேராதது. ஆயினும் எல்லாரும் அதைத்தான் ஒட்டினார்கள்! பிழையின்றி ஃபிளாஷ் பதிக்கும் வழியை டுரூ மெக்லெல்லன் 2002-இல் எழுதிக் காட்டினார். 2014-இல் எச்.டி.எம்.எல். 5 ஐஃபிரேமையும் எம்பெட்டையும் ஏற்றுக்கொண்டது. பழைய பிரிசட்டகத்தை விலக்கியது. வழக்கு வென்றது, இலக்கணம் இணங்கியது என்றே நான் கொள்கிறேன். ஃபிளாஷ் 2020 இறுதியோடு ஓய்வு பெற்றது.

இலக்கணம் இணங்கியதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆப்ஜெக்ட் குறிக்குள் எழுதிய மாற்று வரி, வெளிப்பக்கம் வந்து சேராதபோது தோன்றும். ஐஃபிரேமுக்குள் எழுதும் வரியோ, அக்குறியையே அறியாத உலாவிக்கு மட்டுமே. மேகம் இறங்கினால் இணைப்பு மெலியும் தோட்டத்து வீட்டில், பிள்ளைக்கு எஞ்சுவது ஒரு வெற்றுக் கட்டம்.

ஆகவே ஒவ்வொரு காணொலிக்கும் கீழே பாடச் சுருக்கத்தையும் இரண்டு வினாக்களையும் வெறும் எழுத்தாக இடுகிறேன். மெலிந்த இணைப்பிலும் எழுத்து வந்துவிடும். பழைய நிரலில் உள்ள ஃபிரேம்பார்டர் பண்பை நீக்குகிறேன், சரிபார்ப்பி அதைப் பிழையென்னும். டைட்டில் பண்பில் தமிழிலேயே தலைப்பு எழுதுகிறேன். பார்வையற்ற பெற்றோர் ஒருவர் திரைவாசிப்பியைக் கொண்டு பக்கத்தைக் கேட்டால், சட்டகத்துள் என்ன இருக்கிறதென்று அதுவே சொல்லும்.