மூளைக்குள் ஒரு சாக்லேட் பெயர்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு மூளை ஹார்மோனில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே. இந்தக் கதையில் வரும் வரவு செலவுக் கணக்குதான் முதலில் என்னை இழுத்தது.

அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கில்லமின் என்று இரண்டு விஞ்ஞானிகள். 1962 வரை ஹூஸ்டனில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள், பிறகு ஜென்மப் பகையாளிகள். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதாலமஸ், தனக்குக் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு ரத்தம் வழியாக உத்தரவு அனுப்புகிறது என்று இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஹாரிஸ் முன்பே சொல்லியிருந்தார். அந்த உத்தரவைக் கையில் பிடிப்பதுதான் போட்டி. ஷாலி பன்றி மூளை, கில்லமின் செம்மறியாட்டு மூளை என்று லட்சக்கணக்கில் வாங்கி அரைத்தார்கள். தேறியதோ மில்லிகிராம் கணக்கு! (எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.) 1971-ல் ஷாலி குழு முந்தியது. இனப்பெருக்கத்தை ஆட்டிவைக்கும் ஜி.என்.ஆர்.ஹெச். என்ற அந்த ஹார்மோன், வெறும் 10 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. 1977-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் சொல்வதைப் பொறுத்துதான் ஜி.என்.ஆர்.ஹெச். கூடும், குறையும். அதைச் சுரக்கும் நியூரான்களிலோ, அந்தச் சேதியை வாங்கும் முக்கியமான ஏற்பியே இல்லை. அப்படியானால் நடுவில் இருக்கும் ஆள் யார்?

பதில் புற்றுநோய் ஆய்வகத்திலிருந்து வந்தது. 1996-ல் பென்சில்வேனியாவின் ஹெர்ஷே ஊரில், புற்று பரவுவதைத் தடுக்கும் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஊரின் புகழ்பெற்ற 'கிஸ்ஸஸ்' சாக்லேட்டை நினைத்து அதற்கு 'கிஸ்-1' என்று பெயர் வைத்தார்கள். அது உருவாக்கும் பொருள்தான் கிஸ்பெப்டின். இனப்பெருக்கம் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

2003-ல் பாரிஸிலும் பாஸ்டனிலும் இரண்டு குழுக்கள், பருவ வயது வந்தும் பூப்படையாத பிள்ளைகள் இருந்த குடும்பங்களை ஆராய்ந்தன. உறவுக்குள் மணம் முடித்த குடும்பங்கள். எல்லோருக்கும் ஒரே இடத்தில் பழுது: கிஸ்பெப்டினை வாங்கும் ஏற்பி. ஈஸ்ட்ரோஜன் சொல்வதைக் கேட்பவை கிஸ்பெப்டின் நியூரான்கள், அவைதான் ஜி.என்.ஆர்.ஹெச். நியூரான்களைத் தட்டி எழுப்புகின்றன என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவானது.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பாஸ்டன் குழு அப்படிப்பட்ட ஒருவருக்கு ஜி.என்.ஆர்.ஹெச்.-ஐ விட்டுவிட்டுச் செலுத்திப் பார்த்தது. பிட்யூட்டரி உடனே பதில் சொன்னது. அத்தனை வருடமும் அது உத்தரவுக்காகத்தான் காத்திருந்திருக்கிறது.