‘ஏ’யும் ‘ஆன்’னும்

உயிரொலி வந்தால் ‘ஏ’யோடு ஓர் ‘ன்’ சேர்த்து ‘ஆன்’ ஆக்க வேண்டும் என்றே ஆங்கில வகுப்புகளில் பலரும் கற்கிறோம். வரலாறு நேர்மாறானது. பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ என்ற எண்ணைக் குறித்த சொல் ‘ஆன்’. இன்றைய ‘ஒன்’னும் அதன் வழிவந்ததே. எண்ணுப்பொருள் மங்கி வெறும் ‘ஒரு’ ஆனபோது, மெய்யொலிக்கு முன் ‘ன்’ தேய்ந்து ‘ஏ’ பிறந்தது. உயிரொலிக்கு முன் பழைய உருவம் அப்படியே தங்கிவிட்டது.

எழுத்தைவிடப் பேச்சிலேயே அதிகம் புழங்கிய மொழி என்பதால், அந்த ‘ன்’ எந்தச் சொல்லுக்குச் சொந்தம் என்பதில் மக்களுக்கே குழப்பம் வந்தது. சமையலறையில் கட்டும் ஏப்ரன் முதலில் ‘நாப்ரன்’. ‘ஏ நாப்ரன்’ காதில் ‘ஆன் ஆப்ரன்’ என்று விழ, ‘ன்’ ஒலி இடம் மாறியது. கிரிக்கெட் அம்பயரும் இப்படித்தான். ‘இணையில்லாதவர்’, அதாவது இரு தரப்பிலும் சேராத மூன்றாமவர் என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்த சொல், தன் முதலெழுத்தை இழந்தது. பட்டப்பெயரைக் குறிக்கும் நிக்நேம் மறுபக்கம் போனது: ‘கூடுதல்’ என்ற பொருளுள்ள ‘ஈக்’கோடு ‘நேம்’ சேர்ந்த சொல் அது. முன்னிருந்த ‘ஆன்’னின் ‘ன்’னைத் தன்னோடு எடுத்துக்கொண்டது.

இலக்கணம் அன்றும் இன்றும் ஒலியைத்தான் கேட்கிறது, எழுத்தை அல்ல. ‘யூனிவர்சிட்டி’ யகர ஒலியில் தொடங்குவதால் அதற்கு ‘ஏ’. ‘ஹவர்’ என்று நாம் சொல்லும் மணி நேரத்தில் முதலெழுத்து ஒலிப்பதே இல்லை, ஆகவே ‘ஆன்’. ஓர் ஊர், ஒரு வீடு என்று பிரித்தெழுதும் தமிழருக்கு இது புரிவது எளிது.