கட்சி வேட்பாளரை ஏற்கத் தயங்கும் வாக்காளர்கள்: அமெரிக்க ஐக்கிய நாடுகள்

ஒரு கட்சியைத் தம் கட்சியாகக் கருதும் வாக்காளர், அக்கட்சி குடியரசுத்தலைவர் பதவிக்கு நிறுத்தும் வேட்பாளருக்கு வாக்களிக்க மனம் ஒப்பாமல் எதிர்க்கட்சி வேட்பாளரையோ மூன்றாம் வேட்பாளரையோ நாடுவதும், வாக்குச்சீட்டில் அந்த ஒரு பதவிக்குரிய இடத்தை மட்டும் நிரப்பாமல் விடுவதும், வாக்குச்சாவடிக்கே செல்லாதிருப்பதும் அமெரிக்க அரசியல் வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் நிகழ்வாகும். இதைக் கட்சித் தாவலோடு சேர்த்து எண்ணுதல் பொருந்தாது. ஏனெனில், இவ்வாக்காளர்களில் பலர் அதே நாளில் அதே சீட்டில் தம் கட்சியின் செனட் வேட்பாளருக்கும் ஆளுநர் வேட்பாளருக்கும் வாக்களித்துவிட்டு, அடுத்த தேர்தலில் கட்சியின் முழு ஆதரவாளராகத் திரும்பியிருக்கின்றனர்.

இத்தயக்கத்தின் வடிவம், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையோடு சேர்ந்தே மாறி வந்துள்ளது. 1824 வரை நாடாளுமன்ற உறுப்பினர்களே தமக்குள் கூடி வேட்பாளரை முடிவுசெய்தனர். 1830களின் தொடக்கத்தில், மாநிலங்கள் அனுப்பும் பேராளர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் தேசிய மாநாட்டு முறை வந்தது. ஜனநாயகக் கட்சி 1832 முதல் 1936 வரை, மூன்றில் இரு பங்கு பேராளரின் வாக்கைப் பெறாதவர் வேட்பாளராக முடியாது என்ற விதியைக் கடைப்பிடித்ததால், எவருக்கும் முதல் விருப்பமாக இல்லாத ஒருவரே சிலமுறை இறுதியில் எஞ்சினார். கட்சி வாக்காளர்கள் நேரடியாக வாக்களித்து வேட்பாளரைத் தெரிவுசெய்யும் முதல்நிலைத் தேர்தல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றினாலும், 1972 முதலே அவை தீர்மானிக்கும் வலிமை பெற்றன. மாநாட்டுக் காலத்தில் மனக்கசப்பு தலைவர்களின் வெளிநடப்பாகவே வெளிப்பட்டது. முதல்நிலைத் தேர்தல் காலத்திலோ, தாம் வாக்களித்த ஒருவர் தோற்றதைத் தம் தோல்வியாகவே உணரும் பல லட்சம் பேரின் கசப்பாக அது மாறியது.

1848இல் ஜனநாயகக் கட்சி லூயிஸ் காஸை நிறுத்தியபோது, புதிய நிலப்பகுதிகளில் அடிமை முறை பரவுவதை எதிர்த்த நியூயார்க் பிரிவினர் அவரை ஏற்க மறுத்து, முன்னாள் குடியரசுத்தலைவரான மார்ட்டின் வான் பியூரனைத் தனிக்கட்சியின் சார்பில் நிறுத்தினர். நியூயார்க் மாநிலத்தில் வான் பியூரன் காஸைவிட மிகுதியான வாக்குகளைப் பெற, விக் கட்சியின் சக்கரி டெய்லர் வென்றார். 1860இல் அதே சிக்கல் கட்சியையே இரண்டாகப் பிளந்தது. வடக்கு ஸ்டீபன் டக்ளஸையும் தெற்கு ஜான் பிரெக்கின்ரிட்ஜையும் நிறுத்த, ஏறத்தாழ 40 விழுக்காடு வாக்குகளோடு ஆபிரகாம் லிங்கன் வென்றார்.

கட்சி அப்படியே இருக்க, வாக்காளர் மட்டும் விலகி நின்றதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு 1884ஆம் ஆண்டுத் தேர்தலாகும். குடியரசுக் கட்சி நிறுத்திய ஜேம்ஸ் பிளெய்ன், இரயில் நிறுவனங்களோடு கொண்ட தொடர்பில் ஆதாயம் பெற்றவர் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளானவர். அவர் எழுதிய கடிதங்களே அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. கார்ல் ஷர்ஸ், ஜார்ஜ் வில்லியம் கர்ட்டிஸ் முதலிய சீர்திருத்தவாதிகள், நேர்மையற்றவர் எனத் தாம் கருதிய ஒருவரைக் கட்சிக்காகச் சுமக்க இயலாது என்று அறிவித்து, ஜனநாயகக் கட்சியின் குரோவர் கிளீவ்லாந்தை ஆதரித்தனர். 'மக்வம்ப்' என்று ஏளனமாக அழைக்கப்பட்ட இவர்கள் எண்ணிக்கையில் சிலரே. ஆயினும் நியூயார்க்கில் பதிவான 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் கிளீவ்லாந்து பெற்ற முன்னிலை ஏறத்தாழ 1,100 மட்டுமே. அம்மாநிலத்தின் 36 தேர்வாளர் வாக்குகள், அதாவது குடியரசுத்தலைவரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் குழுவில் அம்மாநிலத்துக்குரிய இடங்கள், பிளெய்னுக்குச் சென்றிருந்தால் அவரே வென்றிருப்பார். பிளெய்ன் கலந்துகொண்ட கூட்டமொன்றில் மதகுரு ஒருவர் கத்தோலிக்கரை இழித்துப் பேசியதும், மதுவிலக்குக் கட்சி பிரித்த வாக்குகளும் இதே தோல்விக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஆயிரம் வாக்கு வேறுபாட்டில் எந்தக் காரணமும் தனியே போதுமானதாகிவிடும் என்பதால், மக்வம்ப்களுக்கு மட்டும் அந்தப் பெருமையையோ பழியையோ அளிப்பது சரியாகாது.

அம்முறை மாநாட்டில் பிளெய்னை எதிர்த்தும், முடிவுக்குப் பின் கட்சியோடு நின்றவர்களுள் ஒருவர் இளைஞரான தியடோர் ரூஸ்வெல்ட். அவரே 1912இல் கட்சியைப் பிளந்தார் என்பது கவனிக்கத்தக்கது. அவ்வாண்டு முதல்நிலைத் தேர்தல் நடந்த மாநிலங்களில் பெரும்பாலானவற்றில், அதிபர் டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹாயோ உட்பட, ரூஸ்வெல்ட்டே வென்றார். ஆயினும் சிக்காகோ மாநாட்டில் தகராறுக்குரிய பேராளர் இடங்களில் மிகப் பெரும்பாலானவற்றைக் கட்சியின் தேசியக் குழு டாஃப்டுக்கே அளித்துவிட்டது. ரூஸ்வெல்ட் முற்போக்குக் கட்சியைத் தொடங்கி 27 விழுக்காடும், டாஃப்ட் 23 விழுக்காடும் பெற, 42 விழுக்காடு பெற்ற ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன் 435 தேர்வாளர் வாக்குகளோடு வென்றார். வேட்பாளரைவிட அவரைத் தேர்ந்தெடுத்த முறையே நேர்மையற்றது என்ற எண்ணம் பரவும்போது சமரசம் மிகக் கடினமாகிறது என்பதை இத்தேர்தல் காட்டியது. பிந்திய காலத்துப் பிளவுகள் பலவற்றிலும் இக்கூறு உண்டு.

தயக்கத்துக்குக் காரணம் எப்போதும் கொள்கையோ நேர்மையோ அன்று. 1928இல் ஜனநாயகக் கட்சியின் ஆல் ஸ்மித் கத்தோலிக்கர் என்பதாலும் மதுவிலக்கை எதிர்த்தார் என்பதாலும், தலைமுறைகளாக அக்கட்சிக்கே வாக்களித்து வந்த தெற்கில் டெக்சாஸ், புளோரிடா, வர்ஜீனியா, வட கரோலினா, டென்னசி ஆகியவை ஹெர்பர்ட் ஹூவரிடம் சென்றன. டெக்சாஸ் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தது அதுவே முதன்முறை. 1948இல் ஜனநாயகக் கட்சி மாநாடு குடிசார் சம உரிமைக் கொள்கையை ஏற்றதும் தென்மாநிலப் பேராளர் சிலர் வெளியேறி, ஸ்ட்ராம் தர்மண்டை நிறுத்தினர். அவர் வென்ற நான்கு மாநிலங்களில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகச் சீட்டில் இடம்பெற்றவரே அவர்தாம். அலபாமாவின் வாக்குச்சீட்டில், கட்சி மாநாடு தேர்ந்தெடுத்த அதிபர் ஹாரி ட்ரூமனின் பெயரே இல்லை. ட்ரூமன் இதையும் மீறி வென்றார். 1964இல் குடியரசுக் கட்சியின் மிதவாதிகள் பாரி கோல்ட்வாட்டரை ஏற்காமல் பெருமளவில் லிண்டன் ஜான்சனுக்கு வாக்களித்தனர்.

இன்றைய நிலைக்கு அடித்தளமிட்டது 1968ஆம் ஆண்டேயாகும். வியட்நாம் போரை எதிர்த்து ஜனநாயகக் கட்சியின் யூஜின் மெக்கார்த்தியும் ராபர்ட் கென்னடியும் முதல்நிலைத் தேர்தல்களில் வாக்குத் திரட்டினர்; ஜூன் மாதம் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார்; ஒரு முதல்நிலைத் தேர்தலிலும் நேரடியாகப் போட்டியிடாத துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி, வெளியே காவல்துறையின் தடியடி நடந்துகொண்டிருந்த சிக்காகோவில் வேட்பாளரானார். போரை எதிர்த்த இளைஞர்கள் தம் வாக்குகளுக்கு மதிப்பே இல்லை என்று கருதியதில் வியப்பில்லை. மெக்கார்த்தி தேர்தலுக்கு ஒரு வாரம் முன்புதான், அதுவும் மனமின்றி, ஹம்ஃப்ரிக்கு ஆதரவு தெரிவித்தார். ரிச்சர்ட் நிக்சனிடம் ஹம்ஃப்ரி தோற்ற வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இதன்பின் அமைக்கப்பட்ட மெக்கவர்ன்–ஃபிரேசர் ஆணையம் பேராளர் தெரிவை வாக்காளரிடமே ஒப்படைக்கும் விதிகளை வகுத்தது. ஆனால் புதிய விதிகளின்கீழ் 1972இல் ஜார்ஜ் மெக்கவர்ன் வேட்பாளரானதும், இம்முறை மறுபக்கம் முரண்டியது. தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏஎஃப்எல்-சிஐஓ எவரையும் ஆதரிக்காமல் ஒதுங்கியது. ஜான் கானலி தலைமையில் நிக்சனை ஆதரிக்கும் ஜனநாயகக் கட்சியினர் அணி திரண்டனர். மெக்கவர்னுக்கு மாசசூசெட்ஸும் தலைநகர் வாஷிங்டனும் மட்டுமே கிடைத்தன. வாக்காளரிடம் தெரிவை ஒப்படைத்தால் கசப்பு நீங்கிவிடும் என்ற நம்பிக்கை நான்கே ஆண்டுகளில் பொய்த்துப்போனது.

தோற்றவர் வென்றவரை எவ்வாறு ஏற்கிறார் என்பதும் வாக்காளரின் மனநிலையைக் காட்டும் அடையாளமாகவே பார்க்கப்படுகிறது. 1980 ஆகஸ்டில் நியூயார்க் மாநாட்டின் இறுதி இரவில், அதிபர் ஜிம்மி கார்ட்டர் தம்மோடு போட்டியிட்ட எட்வர்ட் கென்னடியின் கையைப் பிடித்து உயர்த்தி ஒற்றுமையைக் காட்ட விரும்பி மேடையில் அவரைச் சுற்றிவர, கென்னடியோ கைகுலுக்கலோடு நிறுத்திக்கொண்டார். நாடு முழுதும் தொலைக்காட்சியில் அதைக் கண்டது. நவம்பரில் ஜனநாயகக் கட்சியினரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ரொனால்ட் ரீகனுக்கு வாக்களித்தனர். எனினும் அவ்வாறு சென்றவர்களில் பெரும்பகுதி கென்னடியின் தாராளவாத ஆதரவாளர்கள் அல்லர். விலைவாசியாலும் வேலையின்மையாலும் மனம் நொந்த தொழிலாளர் குடும்பங்கள். மேடைக் காட்சிகளுக்கு இதழ்கள் அளிக்கும் முக்கியத்துவம் மிகையானதே.

2008ஆம் ஆண்டுப் போட்டி இப்பொருளில் மிக விரிவாக ஆராயப்பட்டதாகும். பராக் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் மோதிக்கொண்டிருந்த மார்ச் மாதத்தில் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், ஒபாமா வேட்பாளரானால் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெயினுக்கு வாக்களிப்போம் என்று கிளின்டன் ஆதரவாளரில் 28 விழுக்காட்டினரும், கிளின்டன் வேட்பாளரானால் அவ்வாறே செய்வோம் என்று ஒபாமா ஆதரவாளரில் 19 விழுக்காட்டினரும் கூறினர். கிளின்டன் ஜூன் 7 அன்று போட்டியிலிருந்து விலகி ஒபாமாவை ஆதரித்தார். ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில், வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கையில் நியூயார்க் பேராளர்களின் நடுவே எழுந்து நின்று, ஒபாமாவை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்குமாறு தாமே முன்மொழிந்தார். தேர்தல் நாளில் வாக்களித்து வெளியே வந்தோரிடம் எடுத்த கணிப்பின்படி ஜனநாயகக் கட்சியினரில் 89 விழுக்காட்டினர் ஒபாமாவுக்கே வாக்களித்திருந்தனர். கிளின்டன் ஆதரவாளரில் மெக்கெயினுக்குச் சென்றோரின் பங்கு, ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டு, ஏறத்தாழ 15 முதல் 25 விழுக்காடு வரை மதிப்பிடப்படுகிறது. இவர்களில் பலர், கிளின்டன் பெருவெற்றி பெற்ற மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி போன்ற மாநிலங்களில் பெயரளவில் ஜனநாயகக் கட்சியில் பதிவுசெய்திருந்தும் குடியரசுத்தலைவர் தேர்தலில் அதற்கு முன்பே குடியரசுக் கட்சிக்கு வாக்களித்து வந்தவர்கள். தோல்வியின் கசப்பால் விலகியவரையும், முன்பே விலகியிருந்தவரையும் ஒரே கணக்கில் சேர்த்தது அக்காலச் செய்திகளின் பெருங்குறையாகும்.

கணிப்புகளில் இதற்கு எதிரான குறையும் உண்டு. வேட்பாளரை வெறுத்து விலகியவர் நாளடைவில் தம்மை அக்கட்சியினராகவே கூறிக்கொள்வதில்லை. ஆகவே 'கட்சியினரில் 90 விழுக்காடு ஆதரவு' என்னும் எண், விலகியோரை விட்டுவிட்டு எஞ்சியோரை எண்ணியதாக அமைந்துவிடக்கூடும். 2016இல் டொனால்ட் டிரம்பை ஏற்க மறுத்த குடியரசுக் கட்சியினரை இதனாலேயே முழுமையாக அளவிட இயலவில்லை. அவர்கள் திரண்டு நின்றது யூட்டா மாநிலத்தில்தான்; அங்கு சுயேச்சையாக நின்ற ஈவன் மெக்மல்லின் 21 விழுக்காட்டுக்கும் மேல் பெற்றும் டிரம்பே வென்றார். அதே தேர்தலில், ஜனநாயகக் கட்சியில் ஹிலாரி கிளின்டனிடம் தோற்ற பெர்னி சாண்டர்ஸின் முதல்நிலை வாக்காளரில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர் டிரம்புக்கு வாக்களித்ததாக விரிவான ஆய்வொன்று மதிப்பிட்டது. முடிவைத் தீர்மானித்த மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து வேறுபாடு 80,000 வாக்குகளுக்கும் குறைவு.

தயக்கத்தைக் கட்டுப்படுத்தக் கட்சிகளும் மாநிலங்களும் கையாண்ட வழிகள் பெரிதும் பயன் தரவில்லை. முதல்நிலைத் தேர்தலில் தோற்றவர் அதே பதவிக்கு வேறு கட்சியின் சார்பிலோ சுயேச்சையாகவோ நிற்பதைப் பல மாநிலச் சட்டங்கள் தடுக்கின்றன. வாக்காளரை அவை கட்டுப்படுத்துவதில்லை. வென்றவரை ஆதரிப்பதாகப் போட்டியாளரிடம் குடியரசுக் கட்சி 2015இல் பெற்ற உறுதிமொழியை, டிரம்ப் உட்பட எஞ்சிய மூவரும் 2016 மார்ச்சில் கைவிட்டனர். முதல்நிலைத் தேர்தலில் தெரிவாகாமல் பதவி வழியாக மாநாட்டில் வாக்குரிமை பெறும் 'சூப்பர் டெலிகேட்' எனப்படும் பேராளர்கள், போட்டியுள்ள முதல் சுற்றில் வாக்களிக்கக் கூடாதென ஜனநாயகக் கட்சி 2018இல் விதித்தது, சாண்டர்ஸ் ஆதரவாளரின் மனக்குறையைத் தணிப்பதற்காகவேயாகும். உண்மையில் பெரும்பாலோரைக் கட்சிக்குத் திரும்பச் செய்வது, தம் வேட்பாளர்மீது கொள்ளும் அன்பைவிட எதிர்க்கட்சிமீது கொள்ளும் அச்சமே என்று அண்மைக்கால ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

அச்சம் எல்லாரையும் திருப்பிக் கொணர்வதில்லை. 2024 மார்ச் 6 அன்று போட்டியிலிருந்து விலகிய பின்னரும், டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலிக்கு இண்டியானா முதல்நிலைத் தேர்தலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குடியரசுக் கட்சி வாக்குகள் விழுந்தன. ஆயினும் நவம்பரில் அக்கட்சியினரில் மிகப் பெரும்பாலோர் டிரம்புக்கே வாக்களித்தனர். அதே ஆண்டு பிப்ரவரியில் மிச்சிகன் ஜனநாயகக் கட்சி முதல்நிலைத் தேர்தலில், காசா போரில் அதிபர் ஜோ பைடன் எடுத்த நிலையை எதிர்த்து 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர், எவரையும் ஆதரிக்கவில்லை என்னும் கட்டத்தைத் தெரிவுசெய்தனர். பைடன் விலகி கமலா ஹாரிஸ் வேட்பாளரான பின்பும், ஆகஸ்டு மாநாட்டில் பாலஸ்தீன அமெரிக்கர் ஒருவரை மேடையில் பேச விடவேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. அரபு அமெரிக்கர் மிகுதியாக வாழும், 2020இல் பைடன் பெரும் வேறுபாட்டில் வென்ற டியர்பார்ன் நகரில், 2024 நவம்பரில் டிரம்ப் முதலிடம் பெற்றார். மிச்சிகன் மாநிலத்தை ஏறத்தாழ 80,000 வாக்கு வேறுபாட்டில் கைப்பற்றினார்.