தரவுத்தளக் கண்காணிப்பு: ஒரு சிறு வரலாறு

தோவாளைப் பூச்சந்தையின் வருடச் சராசரியை வைத்து ஓணம் நேரத்து நெரிசலைக் கணிக்க முடியாது. தரவுத்தள சர்வரும் அப்படித்தான்.

1970-ல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் உறவுசார் தரவுத்தளக் கோட்பாட்டை வெளியிட்டார். என்ன வேண்டும் என்று கேட்டால் போதும், தேடும் வழியை மென்பொருளே முடிவு செய்யும். வசதிதான்! ஆனால் ஒரு வரிக் கேள்விக்குப் பின்னால் எவ்வளவு வேலை நடக்கிறது என்பது கேட்டவருக்கே தெரியாமல் போனது. கண்காணிப்பு அவசியமானது இதனால்தான்.

ஆரம்பத்தில் நிர்வாகிகள் பெரிதும் நம்பியது, கேட்ட தரவு வட்டுக்குப் போகாமல் நினைவகத்திலேயே கிடைத்த விகிதத்தை. அது 99 சதவீதம் இருந்தும் பயனர் காத்துக்கொண்டிருந்தார். எனவே 1990-களில் ஆரக்கிள், எதற்காக எவ்வளவு நேரம் காத்திருப்பு என்று அளக்கத் தொடங்கியது. பின்னாளில் வந்த 10ஜி பதிப்பு மணிக்கொருமுறை அளவுகளைத் தானே சேமித்தது. கூடவே வேலையில் இருக்கும் இணைப்புகளை நொடிக்கொருமுறை பார்த்துக் குறித்தது. 2009-ல் போஸ்ட்கிரெஸ் 8.4, எந்தக் கேள்வி மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று கூட்டிச் சொன்னது.

நொடிக் கணக்கு எதற்கு? தட்கல் முன்பதிவைப் பாருங்கள். காலையில் திறந்த சில நிமிடங்களில் இடம் தீர்ந்துவிடும். ஒரு மணி நேரச் சராசரியில் அந்த நெரிசல் கரைந்து போகும். 2014-ல் ஐஆர்சிடிசி தன் புதிய அமைப்பின் திறனைச் சொன்னதும் நிமிடக் கணக்கில்தான்: முன்பு 2,000 டிக்கெட், பிறகு 7,200.

ஆக, கண்காணிப்பை அமைப்பவர் முதலில் சாதாரண நாளின் அளவைக் குறித்து வைக்க வேண்டும். பிறகு நெரிசலான நிமிடத்தை அதோடு ஒப்பிட வேண்டும். ஊருக்குப் போகிறவரின் டிக்கெட் அந்த நிமிடத்தில்தான் இருக்கிறது.